வீட்டு மீனை ஏரில விடாதீங்க, அதுக்குப் பதிலா என்னென்ன பண்ணலாம்னு முழுசா சொல்றேன்

மீன் தொட்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இந்த நிலைமை வந்துரும். வீடு மாறணும், இல்ல வேலை வெளியூர்ல கிடைச்சிருச்சு, இல்ல புள்ளைங்களுக்குப் பரீட்சை வந்து தொட்டிய யாரும் திரும்பிக்கூட பாக்கல, இல்ல மீனு தொட்டிக்குள்ள திரும்பவே முடியாத அளவுக்கு வளந்துருச்சு. அப்ப வீட்ல ஒருத்தர் சொல்லுவாங்க, "பாவம், கொண்டு போய் ஏரில விட்ருங்க, அங்கயாவது நிம்மதியா நீந்தட்டும்"னு. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா அந்த மாதிரி விட்ட மீனாலதான் நம்ம ஊர்ப்பக்க நீர்நிலைல பல இடத்துல நாட்டு மீன் கஷ்டப்படுது, அதனாலதான் புதுசா மீன் வளக்க ஆரம்பிச்சவங்களுக்காக இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், பொறுமையா படிங்க.

நான் கண்ணால பாத்தத மொதல்ல சொல்லிடறேன். போன வருஷம் மழை முடிஞ்ச நேரம், எங்க வீட்டுப் பக்கத்து ஏரிக்கரைல காலைல நடக்கப் போனேன். வலை போடற ஒரு அண்ணன் கரைல குத்த வச்சு உக்காந்து, கைல பிளேடு வச்சு, அவரோட வலைய அவரே அறுத்துக்கிட்டு இருந்தார். கிட்ட போய் பாத்தா வலைக்குள்ள ஒன்றரை அடி நீளத்துல கருப்பா ஒரு மீன், செதிலே கிடையாது, உடம்பு பூரா ஓடு ஓடா தகடு, முதுகுத் துடுப்பையும் ரெண்டு பக்கத் துடுப்பையும் விறைப்பா விரிச்சு வச்சிருக்கு, ஒவ்வொரு துடுப்போட முன் முள்ளும் ரம்பம் மாதிரி, அதுல நூல் சுத்திச் சுத்தி மாட்டியிருக்கு. "இழுத்தா வலை கிழியும், அறுத்தாலும் வலை போகும், எது தம்பி நஷ்டம் கம்மி?"ன்னு என்னையே கேட்டார். அன்னிக்கு அவருக்குக் கெடச்சது இந்த மீன் பதினொண்ணு, ஜிலேபி ரெண்டு. கெண்டை ஒண்ணு கூட இல்ல. விரால் பாத்தே ரெண்டு வருஷம் ஆச்சுன்னார். மீனைத் திருப்பிப் போட்டார், வயித்துல புலித்தோல் மாதிரி கோலம், அடியில உறிஞ்சற வாய். எனக்கு அப்பதான் உறைச்சுது, இது நம்ம கடைங்கள்ல ரெண்டு இன்ச் சைஸ்ல "டேங்க் கிளீனர்"னு சொல்லி விக்கிற சக்கர் மீன்!

நானும் ஒரு காலத்துல அத வாங்கியிருக்கேன். "பாசியெல்லாம் தின்னுரும் சார், தொட்டிய கழுவவே வேணாம், இதுக்கு மேல வளராது"ன்னு கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். எட்டு மாசத்துல ஒரு ஜாண் ஆயிருச்சு. அது பாசிய மட்டும் தின்னுட்டு சும்மா இருக்கிற மீனும் இல்ல, அது போடற கழிவுல தொட்டி முன்ன விட சீக்கிரம் அழுக்காகும். நல்ல வேளை, நான் அத ஏரில விடல, ஒரு நண்பர் வீட்டு சிமெண்ட் தொட்டிக்குப் போச்சு. ஆனா அந்த அண்ணன் வலைல மாட்டுன பதினொண்ணும் யாரோ ஒருத்தர் வீட்டுத் தொட்டியில இருந்தோ பண்ணையில இருந்தோ வந்த மீனோட வம்சம்தானே, அதுங்க பூர்வீகம் தென் அமெரிக்கா, இங்க தானா நடந்து வந்திருக்க முடியாது.

ஏரில விட்டா என்னதான் ஆகும்

ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் குட்டி, ஏஞ்சல் மாதிரி மீனுங்கள்ல முக்கால்வாசி சில நாள்லயே செத்துரும். வேளாவேளைக்கு மேல இருந்து தீனி விழுந்து பழகுன மீன், கொக்கையும் நீர்க்காகத்தையும் வாழ்க்கைல பாத்ததே இல்ல, பளிச்சுனு கலரு வேற. நிம்மதியா நீந்தட்டும்னு விட்டீங்கல்ல, அது அன்னிக்கு சாயங்காலமே கொக்குக்கு இரை.

சாகாம பொழைச்சுக்கிறதுதான் பெரிய பிரச்சனை. சக்கரையே எடுத்துக்கோங்க. தண்ணில ஆக்சிஜன் இல்லாம மத்த மீனெல்லாம் செத்து மிதக்கற சாக்கடைத் தண்ணில கூட இது மேல வந்து காத்தை விழுங்கி, இரைப்பை வழியாவே மூச்சு விட்டுப் பொழச்சுக்கும். தண்ணிக்கு வெளிய பல மணி நேரம் உயிரோட கெடக்கும். கரைல மண்ணத் தோண்டி நீளமா பொந்து போட்டு அதுக்குள்ள முட்டை வைக்கும், ஆண் மீன் வாசல்ல காவல் இருக்கும், அதனால குஞ்சு நெறைய தப்பிச்சிரும். பொந்து போட்டுப் போட்டு ஏரிக்கரையே சரியும். அடி மண்ண மேயறப்ப மத்த மீன் வச்ச முட்டையும் சேந்து உள்ள போகும். பறவை தின்னாவது குறையுமான்னு பாத்தா அதுவும் கஷ்டம், புவேர்ட்டோ ரிக்கோவுல இந்த மீன முழுங்கப் போன கூழைக்கடாங்க முள்ளு தொண்டைல சிக்கி செத்திருக்கு. கொல்கத்தா கிழக்குச் சதுப்பு நிலத்துல மீன் வளக்கறவங்க, ஆந்திரால மீன் குட்டை வச்சிருக்கவங்க எல்லாரும் இதனால நஷ்டப்பட்டிருக்காங்க. பங்களாதேஷ்ல 2023 ஜனவரில இந்த மீனையே தடை பண்ணிட்டாங்க.

சக்கர் மட்டும்னு நெனைக்காதீங்க. 2023 மே மாசம் காஷ்மீர் தால் ஏரில சுத்தம் பண்றப்ப அலிகேட்டர் கார்னு ஒரு மீன் சிக்குச்சு, முதலை மாதிரி வாய் இருக்குமே, வட அமெரிக்கா மீன், அதுவேதான். 2018 கேரளா வெள்ளத்துக்கு அப்புறம் அங்க ஆத்துல அரபைமாங்கற பெரிய தென் அமெரிக்க மீனும் அலிகேட்டர் காரும் பிடிபட்டுச்சு, அதெல்லாம் வளத்த இடத்துல இருந்து வெள்ளத்துல தப்பிச்சது, யாரும் வேணும்னு விட்டிருக்கணும்னு அவசியமே இல்ல. கோல்டு ஃபிஷ் சாதுவான மீனாச்சேன்னு கேப்பீங்க. அமெரிக்கால மின்னசோட்டா மாநிலத்துல பர்ன்ஸ்வில்னு ஒரு ஊர், அங்க கெல்லர் ஏரில 2021ல எடுத்த கோல்டு ஃபிஷ்ல சிலது ஒரு அடிக்கு மேல, கைல தூக்கிப் பிடிச்சு போட்டோ போட்டு "தயவு செஞ்சு விடாதீங்க"ன்னு ஊர் நிர்வாகமே கெஞ்சுச்சு. அடி மண்ணக் கிளறிக் கிளறி தண்ணிய கலங்கலாக்கிரும், செடிய வேரோட பிடுங்கிரும்.

இன்னொண்ணும் இருக்கு. விட்ட மீன் செத்தே போனாலும் அது மேல ஒட்டியிருந்த மீன் பேன், நங்கூரப் புழு மாதிரி ஒட்டுண்ணி, வேற நோயெல்லாம் ஏரிக்குள்ள போயிரும். அதனால "ஒரே ஒரு கப்பிதானே"ங்கற கணக்கு செல்லாது.

மொத வேலை: உங்க கைல இருக்கறது என்ன மீன்னு தெரிஞ்சுக்கோங்க

வாங்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது இது, ஏற்கனவே வாங்கியாச்சுன்னா இன்னிக்கே பண்ணுங்க. கடைல சொல்ற பேரு பாதி நேரம் கடைக்காரர் வச்ச பேரு. "ஷார்க்"னு சின்னதா வெள்ளி கலர்ல விக்கறாங்கல்ல, அது ஓட்டல்ல "பாசா"ன்னு ஃபில்லட் போட்டு வருதே அந்தக் கெளுத்தி இனம், நாலு அடி வரைக்கும் போகும். "பிரானா"ன்னு சொல்லிக் குடுக்கறது முக்காவாசி பாக்கு (Pacu)ங்கற வேற மீன், மார்க்கெட்ல ரூப்சந்த்னு கிலோ கணக்குல விக்கிற அதே மீன். ரெட் டெய்ல் கேட்ஃபிஷ் விரல் நீளத்துல அழகா இருக்கும், வளந்தா ஆளு உயரத்துல முக்கால் வாசி வரும். சென்னை கொளத்தூர் மீன் கடைத்தெருவுல ஞாயித்துக்கிழமை சுத்துனா இதெல்லாம் பாலித்தீன் கவர்ல தொங்கிட்டு இருக்கும், புள்ளைங்க கேக்கும், நமக்கும் ஆசையா இருக்கும். ஆனா கடைக்காரர்கிட்ட "இது எவ்ளோ பெருசாகும்"னு மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க, மீனோட சரியான பேரைக் கேட்டு போன்ல அங்கயே தேடிப் பாருங்க. முழு வளர்ச்சி ஒரு அடின்னா உங்க ரெண்டு அடித் தொட்டிக்கு அது ஆகாது, அவ்ளோதான், வாங்காதீங்க.

ஆரம்பிக்கறவங்களுக்கு என் சிபாரிசு ஃபைட்டர் ஒண்ணு, இல்லன்னா ஆண் கப்பி மட்டும் ஆறு ஏழு. ஏன் ஆண் மட்டும்னா, கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் குட்டி போடற ரகம், மாசத்துக்கு ஒரு தடவ போடும், பெண் மீனை மட்டும் தனியா வாங்கிட்டு வந்தாலும் கடைலயே சேந்திருந்தா பல மாசத்துக்குக் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். நாலு மீன் நாப்பது ஆகுறப்பதான் ஏரி ஞாபகம் வரும். ஆண் பெண் பாக்கறது சுலபம், வயித்துக்குக் கீழ பின்னாடி இருக்கற துடுப்பு விசிறி மாதிரி விரிஞ்சிருந்தா பெண், குச்சி மாதிரி ஒடுங்கி நீட்டா இருந்தா ஆண்.

வச்சுக்க முடியல, வேற கைக்கு மாத்தணும்

இதுதான் சரியான வழி, கொஞ்சம் அலைச்சல் இருக்கும். மொதல்ல வாங்குன கடைக்கே போங்க. காசு திருப்பிக் கேக்காதீங்க, "சும்மா எடுத்துக்கோங்க"ன்னு சொன்னா பல கடைல எடுத்துப்பாங்க, ஒரு கடை மாட்டேன்னா அடுத்த கடை. பெரிய மீன்னா சின்னக் கடைல தொட்டி இருக்காது, ஆஸ்கார், அரோவானா மாதிரி பெரிய மீன் விக்கற பெரிய கடையப் பாருங்க.

கடை சரிவரலன்னா மீன் வளக்கறவங்களோட வாட்ஸ்அப் குரூப்பு, ஃபேஸ்புக் குரூப்புல போடுங்க. வெறும்னே "மீன் இருக்கு, வேணுமா"ன்னு போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க, என்ன மீன், எத்தன இன்ச், என்ன தீனி தின்னுது, வேற மீனோட சண்டை போடுமா, எந்த ஏரியா, எல்லாம் எழுதுங்க. தொட்டி, ஃபில்டர், ஏர் பம்ப்பு சேத்துக் குடுக்கறேன்னு சொன்னா அன்னிக்கே ஆள் வரும், இது என் அனுபவம். எடுத்துக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, "உங்க தொட்டி என்ன சைஸ்?" பதில் மழுப்பலா இருந்தா குடுக்காதீங்க, நாளைக்கு அவங்களும் ஏரிக்குத்தான் போவாங்க. ஸ்கூல், கிளினிக், அபார்ட்மெண்ட் லாபி இப்படி எங்க பெரிய தொட்டி இருக்கோ அங்கயும் கேட்டுப் பாக்கலாம்.

கொண்டு போற விதம்: முதல் நாள் தீனி போடாதீங்க, போட்டா கவர்ல கழிவு சேந்து மீன் துவண்டுரும். சின்ன மீனுக்கு பாலித்தீன் கவர், மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி காத்து, ரெண்டு கவரா போட்டுக் கட்டுங்க. சக்கரோ வேற முள்ளு மீனோ கவர்ல போடவே போடாதீங்க, மூடி போட்ட பக்கெட்தான். சக்கரை வலையாலயும் புடிக்காதீங்க, அந்த அண்ணன் கதைதான் ஆகும், ஒரு டப்பாவை தண்ணிக்குள்ள முக்கி அதுக்குள்ள ஓட்டிவிட்டு அப்படியே தூக்குங்க.

வேற யாருக்கும் குடுக்க மனசில்ல, இடம் இருக்குன்னா, மாடில சிமெண்ட் தொட்டியோ பழைய சின்டெக்ஸ பாதியா வெட்டியோ வச்சு வளக்கலாம். மேல வலை போட்டு இறுக்கிக் கட்டுங்க. தரைல வச்சீங்கன்னா மழைக்காலத்துல தெருத்தண்ணி ஏறாத உயரத்துல வைங்க, தொட்டி நிரம்பி வழிஞ்சு மீன் வாய்க்காலுக்குப் போனாலும் ஏரில விட்ட கணக்குதான்.

யாரும் எடுத்துக்கல, இல்ல மீன் பொழைக்காத அளவுக்கு நோயா இருக்கு

இத எழுத எனக்கே கஷ்டமாதான் இருக்கு, ஆனா சொல்லாம விட்டா ஜனங்க டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்றாங்க, இல்ல ஐஸ் தண்ணில போடறாங்க. டாய்லெட்ல போனா மீன் வதைபட்டுச் சாகும், சாகலன்னா கழிவுத் தண்ணியோட எங்கயாவது போய்ச் சேரும். வலி கம்மியா முடிக்கறதுக்கு வீட்லயே பண்ணக்கூடிய ஒரு வழி கிராம்பு எண்ணெய், பல் வலிக்கு மருந்துக் கடைல விக்கிற அதுவேதான். ஒரு சின்ன பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி எடுத்து, மீன் இருக்கப் போற பாத்திரத்துத் தண்ணிக்கு லிட்டருக்கு பத்து சொட்டுங்கற கணக்குல எண்ணெய விட்டு, பால் மாதிரி வெள்ளையாகற வரைக்கும் நல்லா குலுக்குங்க, எண்ணெய் சும்மா மெதந்தா வேலைக்காகாது. மீனை அதோட தொட்டித் தண்ணியோடவே வேற பாத்திரத்துக்கு மாத்தி, இந்தக் கலவைய கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. மீன் மெதுவா சாஞ்சு தூங்கிரும். செவுள் அசையறது முழுசா நின்ன பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டு வைங்க, அவசரப்பட்டு எடுத்தா மயக்கம் தெளிஞ்சு எந்திரிக்கும். சக்கர் மாதிரி மீனுக்கு எண்ணெயும் கூட வேணும், நேரமும் ரொம்ப ஆகும். அப்புறம் மண்ணுல ஒரு முழம் ஆழத்துல புதைச்சிருங்க. பக்கத்துல மீனுக்கும் வைத்தியம் பாக்கற கால்நடை டாக்டர் இருந்தா அவங்ககிட்ட கேட்டுப் பண்றது இன்னும் நல்லது.

தண்ணி, செடி, நத்தை

மீனை மட்டும் விடாம இருந்தா போதாது. தொட்டித் தண்ணி மாத்தறப்ப அத மழைநீர் வாய்க்கால்ல ஊத்தாதீங்க, பூச்செடிக்கு ஊத்துங்க, நல்ல உரம். மருந்து போட்ட தண்ணின்னா செடிக்கும் வேணாம், வீட்டுக் கழிவுநீர்க் குழாய்லயே போகட்டும். தொட்டிச் செடிய வெட்டுனா மொட்டை மாடி வெயில்ல மொறுமொறுன்னு காயற வரைக்கும் போட்டு அப்புறம் குப்பைல போடுங்க, ஒரு துண்டு போதும் சில செடி பரவறதுக்கு. இன்னிக்கு ஏரி ஏரியா மூடிக் கெடக்குற ஆகாயத்தாமரையும் அழகுக்குன்னு இந்த நாட்டுக்குக் கொண்டு வந்த செடிதான். செடியோட ஒட்டி வர்ற நத்தை முட்டையும் அப்படியே காஞ்சு போகும்.

குட்டியா பச்சை கலர்ல, காது பக்கம் செவப்புக் கோடு போட்ட ஆமை விப்பாங்க, அதுக்கும் இதே கதைதான். காசு அளவு இருக்கறது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருஷம் உயிரோட இருக்கும். வாங்கவே வாங்காதீங்க.

கோயில் குளமும் கொசுவும்

பரிகாரம்னு மீன் வாங்கி கோயில் குளத்துல விடறவங்க உண்டு, நம்பிக்கைய நான் குறை சொல்லல. ஆனா கடைல கெடைக்கற கலர் மீனை அதுல விட்டா, மழைக்கு குளம் நிரம்பி வழியறப்ப அதுங்க வாய்க்கால் வழியா வெளிய போக வழி கெடச்சிரும். ஏற்கனவே குளத்துல இருக்கற மீனுக்குப் பொரி போடறதும், குளத்துல பிளாஸ்டிக் பொறுக்கறதும் அதே புண்ணியம்தான்னு எங்க அத்தைகிட்ட பேசிப் பேசி ஒத்துக்க வச்சேன், இப்ப அவங்க கோயிலுக்கு வர்ற மத்தவங்ககிட்டயும் சொல்றாங்க.

கொசுவுக்கு கப்பி விடலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. மூடுன கிணறு, மாடித் தொட்டி இப்படி வெளிய போக வழியே இல்லாத இடத்துல மட்டும்னா சரி. ஏரி, குளம், ஓடைன்னா கூடவே கூடாது. கம்பூசியாங்கற கொசு மீனை மலேரியாவுக்காக 1928ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க, அது கொசுப் புழுவ மட்டும் தின்னுட்டு நிக்கல, மத்த மீனோட முட்டை, குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாத்தையும் கொத்துச்சு. நம்ம வாய்க்கால்ல மேல்மட்டத்துலயே நீந்தற சின்ன மீன் ஒண்ணு இருக்கு, உச்சந்தலைல வெள்ளிப் பொட்டு வச்ச மாதிரி மின்னும், பாத்திருப்பீங்க. கொசுப் புழு தின்ன அதுவே கெட்டி. ஜிலேபியக் கூட நம்ம ஊர் மீன்னே நெனைச்சுட்டோம், அது 1952லதான் ஆப்பிரிக்க வம்சமா இந்தியாவுக்குள்ள வந்துச்சு. இப்ப அது இல்லாத ஏரிய நான் பாத்ததில்ல.

ஏரில வெளிநாட்டு மீன் கைல சிக்குனா

தூண்டில்லயோ வலைலயோ வந்துச்சுன்னா திரும்பத் தண்ணில விடாதீங்க, உயிரோட வேற குளத்துக்கும் கொண்டு போகாதீங்க. போட்டோ ரெண்டு எடுங்க, ஒண்ணு பக்கவாட்டுல, ஒண்ணு வயித்துப் பக்கம், எந்த ஏரி என்ன தேதின்னு குறிச்சு உங்க மாவட்ட மீன்வளத் துறை ஆபீஸுக்குக் குடுங்க, ஐநேச்சுரலிஸ்ட்னு (iNaturalist) உயிரினங்கள போட்டோவோட பதிவு பண்ற ஆப்லயும் ஏத்தலாம், ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது உதவும். சக்கரை கரைல தூக்கிப் போட்டா செத்துரும்னு நம்பிப் போயிராதீங்க, ராத்திரி மழை பேஞ்சா நெளிஞ்சு நெளிஞ்சு தண்ணிக்கே திரும்பிரும், நான் சொன்ன அண்ணன் தலைல ஒரே அடியா அடிச்சு குழி தோண்டித்தான் புதைக்கிறார். சாக்கடை கலக்கற ஏரில புடிச்சத சமைக்காதீங்க, அடி மண்ணுலயே மேயற மீன், தண்ணில இருக்கற ஈயம், காட்மியம் எல்லாம் அதோட உடம்புல சேரும்.

கோடைல தண்ணி வத்தறப்ப கரையோரமா ஒரு தடவ நடந்து பாருங்க. தண்ணி இருந்த மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, முஷ்டி நுழையற அளவுல வரிசையா பொந்து தெரிஞ்சா அது சக்கர் போட்டதா இருக்க வாய்ப்பு அதிகம். அத போட்டோ எடுத்து, எத்தன பொந்துன்னு எண்ணி, ஏரியப் பராமரிக்கிற ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, கரை பலவீனம்னு சொன்னா கொஞ்சம் சீக்கிரம் வந்து பாப்பாங்க. கைய மட்டும் உள்ள விட்டுராதீங்க, மீன் காலி பண்ணுன பொந்துல பாம்பு படுத்திருக்கும்.